எதிர்ப்பக்கத்துப் பள்ளி

ஜனவரி 8

செல்லத் தங்கைக்கு,

இங்கே நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். மாமாவுக்கு முழங்கால் வலி; அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலி. நீ எப்படி இருக்கிறாய்? வாண்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? மாப்பிள்ளை கப்பலிலிருந்து பேசினாரா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னைப் பிடித்தால் பின்னாலிருந்து யாராவது "மேடம், மேடம்" என்கிறார்கள். "அப்புறம் பேசறேங்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ கேட்டே ஆக வேண்டும்.

போன வாரம் தலைமையாசிரியர்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு புதுத் திட்டம் சொன்னார்கள். 'பிள்ளையோடு பணம்' என்று பேர். இனி அரசாங்கம் பள்ளிக்குப் பணம் தராதாம், பிள்ளைக்குத்தான் தருமாம். அரசுப் பள்ளியோ உங்களைப் போன்ற தனியாரோ, பிள்ளை எங்கே போய்ச் சேருகிறதோ அங்கே பணமும் போகும். ஜூலையில் தலை எண்ண ஆள் வருவார். அறுபதுக்குக் குறைந்தால் பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். என்னிடம் இப்போது நாற்பத்தேழு பேர்.

"போட்டி இருந்தாத்தாம்மா தரம் வரும்" என்றார் அதிகாரி. நான் எழுந்து, "சார், அஞ்சு பிள்ளை போச்சுன்னா கூரையில அஞ்சு ஓட்டைக் கழட்டிக்கலாமா? மோட்டாரை அரை மோட்டாரா ஓட்டலாமா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

சிரிப்பெல்லாம் அங்கேதான். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பிள்ளையாக நினைத்துப் பார்த்தேன். என் பிள்ளைகளின் அம்மாக்கள் தையல் கம்பெனியில் எட்டு மணிக்குக் கார்டு அடிக்கிறவர்கள். ஆறு வயசுப் பிள்ளையை யார் நெடுஞ்சாலையைக் கடக்க வைத்து விட்டுவருவார்கள்? பாதிப் பிள்ளைகள் பள்ளியை விட்டே நின்றுவிடும்.

நீ அந்த ஊரில் பெரிய தனியார் பள்ளியில் அட்மிஷன் பார்க்கிறவள். பிள்ளை பிடிக்கிறதில் கெட்டிக்காரி. வித்தையைக் கொஞ்சம் அக்காவுக்கும் சொல்லிக்கொடு.

வாண்டுவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.
உன் அக்கா

ஜனவரி 21

அன்பு அக்கா,

நானும் வாண்டும் சௌக்கியம். அவளுக்கு ஒரு பல் ஆடுகிறது. தொடக்கூடாது என்கிறாள், பார்க்கவும் கூடாது என்கிறாள். அவள் அப்பா வாரம் ஒரு தடவை பேசுகிறார். அந்தப் பல்லைப் பற்றித்தான் பேச்சே. மாமாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, உன் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்.

முதலில் ஒரு சண்டை. தேர்ந்தெடுக்கிற உரிமை பணக்காரருக்கு எப்போதும் இருந்தது. தையல் கம்பெனி அம்மாவுக்கும் அது கிடைத்தால் உனக்கு என்னக்கா வலிக்கிறது? என்னிடம் வந்து, "எம்பிள்ளையும் வேன்ல போகணும் மேடம்" என்று நிற்கிற அம்மாக்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் ஆசைப்படுவது தப்பா? நீங்களெல்லாம் இவ்வளவு வருஷம் கதவைச் சாத்திவைத்துவிட்டு, "இதுதான் பள்ளிக்கூடம், வந்தா வா"ன்னுதானே இருந்தீர்கள்?

கோபித்துக்கொள்ளாதே. இப்போது வித்தை.

கேட்டுக்குப் பெயின்ட் அடி. நீ கேட்டிலேயே நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடு. பிள்ளை வராத அன்று பத்து மணிக்குள் அம்மாவுக்குப் போன் போக வேண்டும். விசாரிக்கத்தான், திட்டுவதற்கு இல்லை. பார்க்க வருகிற அம்மாவிடம் பரிசுக் கோப்பையெல்லாம் காட்டாதே. நேரே கழிப்பறைக்குக் கூட்டிப் போ. அவர்கள் முதலில் பார்க்கிறது அதைத்தான், கேட்கக் கூச்சப்படுவார்கள். ஐந்து வருஷமாக நான் இதைப் பார்க்கிறேன். கழிப்பறை சுத்தமாக இருந்தால் பாதி அட்மிஷன் முடிந்த மாதிரி.

அப்புறம், கம்பெனி விடுகிறது ஆறு மணிக்கு. உன் பள்ளி விடுகிறது நாலு மணிக்கு. நடுவில் அந்தப் பிள்ளைகள் எங்கே போகின்றன? அதை யோசி. நாங்கள் அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்குகிறோம்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று எங்கள் சேர்மனுக்குத் தெரிந்தால் என் கதி அதோகதிதான்.

உன் தங்கை

மார்ச் 4

அடியே கெட்டிக்காரி,

சுகம், சுகம், எல்லோரும் சுகம். மாமாவின் கால்கூடப் பரவாயில்லை. பல் விழுந்ததா?

நீ சண்டை போட்டது சரிதான். முதலில் கடுப்பாக இருந்தது. இரண்டு நாள் கழித்து நம் பள்ளிக் கழிப்பறையைப் போய்ப் பார்த்தேன். கடுப்பெல்லாம் உன் பேரில் இல்லை என்று புரிந்துபோயிற்று.

நாலாம் வகுப்பு டீச்சரும் நானும் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேய்த்தோம். தாழ்ப்பாள் போட்டோம், வாளி மாற்றினோம். மாமா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார். பாதி கேட்டுக்கு, பாதி சட்டைக்கு. ஆறு மணி வரைக்கும் பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஆரம்பித்தோம், நாங்கள் ஆசிரியர்கள் முறை வைத்துக்கொண்டு. வீட்டுப்பாடம் முடிப்பார்கள், விளையாடுவார்கள், தூங்குகிறது தூங்கும்.

ஒரு அம்மா வந்தாள், கம்பெனியில் காலர் தைக்கிறவள். நீ சொன்னபடியே நேராகக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். "டீச்சர், எங்க லைன்ல இன்னும் எட்டுப் பேரு இருக்காங்க, சொல்லட்டுமா?" என்றாள். சொன்னாள். ஜூனில் சேர்வதாகப் பேர் கொடுத்தவர்களையும் சேர்த்தால் எழுபத்து நாலு! நம்புகிறாயா? எனக்கே நம்பிக்கை வரவில்லை, இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

முப்பது வருஷ வேலையில் இந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. உன்னை இங்கே இருந்தபடியே தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருக்கிறது. முதுகு ஒத்துக்கொள்ளாது, அதனால் கடிதம்.

உன் அக்கா

மார்ச் 11

அக்கா! அக்கா! அக்கா!

நலம் விசாரிக்கவெல்லாம் பொறுமை இல்லை. எழுபத்து நாலா? படித்துவிட்டு ஆபீசிலேயே கத்திவிட்டேன். கணக்குப் பார்க்கிற அம்மாவிடம் சொன்னேன், வேன் டிரைவரிடம் சொன்னேன், சாயங்காலம் சேர்மன் மீட்டிங்கில்கூட வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கக்கா ஒரு ஓட்டுக் கட்டடத்துல சாதிச்சுக் காட்டிட்டாங்க சார்"ன்னு பீற்றிக்கொண்டேன். அவர்கூட "பரவால்லையே, உங்க வீட்ல எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பல் விழுந்துவிட்டது. பெரியம்மாவிடம்தான் முதலில் காட்டுவாளாம், டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

உன் பெருமைமிக்க தங்கை

ஏப்ரல் 19

செல்லத் தங்கைக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது. நடுவில் நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. போன் செய்தால் வாண்டுதான் எடுக்கிறாள், "அம்மா குளிக்கிறாங்க" என்கிறாள். அப்படி என்னடி ஓயாத குளியல்?

உடம்பு சரியில்லையா? மாப்பிள்ளையோடு ஏதாவது மனஸ்தாபமா? நான் ஏதாவது சொல்லிவிட்டேனா? எழுதியதையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். அந்தப் 'பிள்ளை பிடிக்கிறது' கிண்டலா? அது அன்பில் சொன்னது.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. பள்ளிக்கு எதிரே பூட்டிக் கிடந்த மரக்கடையைச் சுத்தம் செய்கிறார்கள். துணிக்கடை வருகிறது என்று ஒருத்தர், ஆஸ்பத்திரி என்று ஒருத்தர். மாமா மட்டும் அங்கே முழங்காலுக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

ஒரு வரியாவது எழுது. கவலையாக இருக்கிறது.

அக்கா

மே 2

அன்பு அக்கா,

நலம். வேலை அதிகம், அட்மிஷன் சமயம். வேறொன்றுமில்லை. நீ ஒன்றும் சொல்லவில்லை, அவரோடும் ஒன்றுமில்லை. வாண்டு நலம். வெயில் அதிகம்.

எதிரே என்ன வருகிறது என்று தெரிந்ததா?

தங்கை

மே 9

செல்லத் தங்கைக்கு,

நலமென்று எழுதினாய், அதுவே போதும். ஆனால் உன் கையெழுத்து உன்னுடையது மாதிரி இல்லை. நீ வெயிலைப் பற்றி எழுதுகிறவளா?

எதிரே என்ன வருகிறது என்று தெரிந்துவிட்டது. நேற்று போர்டு மாட்டினார்கள். உங்கள் பள்ளிதான்! உங்கள் பேர், உங்கள் சின்னம், அந்த நீலக் கலர். 'புதிய கிளை. ஜூனில் ஆரம்பம். பிள்ளையோடு பணம் திட்டத்தில் கட்டணம் இல்லை. மாலை ஆறு மணி வரை பராமரிப்பு.' கேட்டைக்கூடப் பச்சையாக அடிக்கிறார்கள்.

பார்த்ததும் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நாலாம் வகுப்பு டீச்சர், "உங்க தங்கச்சி வேலை பாக்கற ஸ்கூல்தானே? அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம். "அவளுக்குத் தெரிஞ்சிருந்தா முதல் ஆளா எனக்குத்தான் சொல்லியிருப்பா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

பெரிய கம்பெனியில் மேலே என்ன முடிவெடுக்கிறார்கள் என்று உன்னைப் போன்றவர்களுக்கு எப்படித் தெரியும்? நீ இதற்காக மனசைக் குழப்பிக்கொள்ளாதே. ஆனால் கொஞ்சம் விசாரித்துச் சொல். இவ்வளவு ஊர் இருக்க, இந்தத் தெருவை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? யாரைத் தலைமையாகப் போடுகிறார்கள்? நல்ல மனுஷியாக இருந்தால் பேசிப் பார்க்கலாம்.

உன் அக்கா

மே 13

அக்கா,

நலமா என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

அந்தத் தெருவைக் காட்டிக்கொடுத்தது நான்தான்.

மார்ச்சில் மீட்டிங்கில் பீற்றிக்கொண்டேன் என்று எழுதினேனே, அன்று நடந்ததில் பாதியைத்தான் எழுதினேன். சேர்மன், "எந்தத் தெரு? என்ன மாதிரி ஆளுங்க? ஆறு மணி வரைக்கும் வச்சுக்கறதுக்கு அவ்வளவு கிராக்கியா?" என்று கேட்டார். நான் உன் கடிதத்தில் இருந்ததையெல்லாம் ஒப்பித்தேன். தையல் கம்பெனி, எட்டு மணி கார்டு, காலர் தைக்கிற அம்மா, அவள் லைனில் எட்டுப் பேர். உன்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேனக்கா. அவர் இடம் பார்த்துக்கொண்டிருந்தார். என் அக்கா எவ்வளவு கெட்டிக்காரி என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று வாயைத் திறந்தேன். பாவி வாய்.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். "உங்க அக்கா தெருவுல கிளை போடறோம். தெருவைத் தெரிஞ்சவங்க நீங்கதான். நீங்களே ஹெச்.எம்." என்றார். யாரைத் தலைமையாகப் போடுகிறார்கள் என்று கேட்டாயே. இதுதான் பதில். அன்றைக்கு எழுதப் பேனாவை எடுத்தேன், முடியவில்லை. அப்புறம் தினமும் முடியவில்லை. நீ அந்த டீச்சரைக் கோபித்துக்கொண்டாய் என்று படித்ததும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வேலை வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். இன்னொன்று. வாண்டுவை உன் பள்ளிக்கே அனுப்பிவிடுகிறேன், உன்னோடேயே இருக்கட்டும். ஒரு தலையாவது கூடும். வேறெப்படி ஈடு செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உன் தங்கை என்று போட்டுக்கொள்ளலாமா?

ஜூன் 6

தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்று சமையலே செய்யவில்லை. எதிரே நீலப் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். நம் பள்ளி வாட்ச்மேன் பயந்துபோய், "டீச்சர், யார்கிட்ட பேசறீங்க?" என்று கேட்டார். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தை நீ ஆயுசுக்கும் வைத்துப் படித்து அழுதிருப்பாய்.

நீ பெருமையடித்ததற்காக எனக்குக் கோபமே இல்லை, கேட்டுக்கொள். ஆனால் இரண்டு மாதம் என்னிடம் மறைத்தாய் பார், அதுதான் பொறுக்கவில்லை. நான் ஒரு நல்ல டீச்சரை உனக்காக முகம் சுருங்க வைத்தேன். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மாமாதான் கடைசியில் சொன்னார்: "அவ உன்னைப் பத்திப் பெருமையாத்தானே பேசினா. அது குத்தம்னா என்னையும் பிடிச்சு உள்ள போடு. நான் தெரு முழுக்கப் பேசியிருக்கேன்."

இப்போது இரண்டு விஷயம்.

வாண்டுவை அனுப்பாதே. அவள் என் பெண் மாதிரி, இந்த வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆனால் தலை எண்ணிக்கைக்காக ஒரு பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்துக்கொண்டு வந்தால், எனக்கும் உங்கள் சேர்மனுக்கும் என்ன வித்தியாசம்? அவருக்குப் பிள்ளை என்றால் பணம். எனக்கு அப்போது பிள்ளை என்றால் எண்ணாகிவிடும். பள்ளி போனாலும் போகட்டும், அதை நான் செய்யமாட்டேன்.

வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டாயா? சொல்லவில்லையென்றால் சொல்லாதே. நீ வரவில்லையென்றால் அந்தப் பள்ளி வராமல் போய்விடுமா? யாரோ ஒருத்தி வருவாள், கேட்டில் நின்று, "எதிர்ல பாம்பு வருதாமே" என்பாள். நீ வா. உன் பள்ளியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பீற்றிக்கொள், என் பள்ளியைப் பற்றிப் பொய் சொல்லாதே. அது போதும். பகலில் நீ உன் கேட், நான் என் கேட். பொழுது சாய்ந்தால் நம் வீடு.

ஏற்கெனவே ஐந்தாறு அம்மாக்கள் டி.சி. கேட்டுவிட்டார்கள். கொடுத்தேன். காலர் தைக்கிறவளும் கேட்டாள், என் முகத்தைப் பார்க்காமல். "வேன் வருது டீச்சர்" என்றாள். அவள் ஆசைப்படுவது தப்பா என்று நீ ஜனவரியிலேயே கேட்டுவிட்டாய். இல்லை என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

உன் தங்கை என்றுதான் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு டி.சி. கிடையாது.

அக்கா

ஜூலை 2

அனுப்புநர்: தலைமையாசிரியை, புதிய கிளை.
பெறுநர்: தலைமையாசிரியை, அரசுத் தொடக்கப் பள்ளி, எதிர்ப்பக்கம்.

ஐயா/அம்மா, எங்கள் பள்ளிச் சூழலுக்குப் பொருந்தாத மாணவர்களைத் தங்கள் பள்ளியில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா, மேலே இருப்பது ஆபீஸ் காப்பிக்கு. இனிமேல்தான் கடிதம். எதிரே இருந்துகொண்டு வாட்ச்மேனிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன், சிரிக்காதே. நேற்று ராத்திரி உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டபோது சொல்ல வாயெடுத்தேன், மாமா முழங்கால் கதையை ஆரம்பித்துவிட்டார்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை இரண்டு வாரம் உட்காரவைத்துப் பார்த்தோம். போன வாரம் தலைமை ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து தேர்வு வைத்தார்கள். திட்டத்தில் பள்ளிகளுக்கு மதிப்பெண் வரிசை உண்டு, முன்னால் நிற்கிற பள்ளிக்குக் கூடுதல் பணம். அதனால் பின்தங்குகிற பிள்ளையைத் தலை எண்ணுகிற நாளுக்கு முன்பே கழித்துவிடுவார்கள். புதுத் திட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஐந்து வருஷமாக நானே எழுதியிருக்கிறேன், 'தங்கள் பிள்ளைக்கு எங்கள் சூழல் பொருந்தாது' என்று, அழகான தாளில். அந்தப் பிள்ளைகள் அப்புறம் எங்கே போனார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

இந்தத் தடவை ஒன்பது பிள்ளைகள். பத்தாவது, என்னோடு கூட்டிவந்து என் கிளையிலேயே சேர்த்திருந்த வாண்டு.

நாலு கேள்வி கேட்டார்களாம். புதுசாக யாராவது அதட்டிக் கேட்டால் அவள் கல்லாகிவிடுவாள், உனக்கே தெரியும். மேசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். 'பொருந்தாது' என்று போட்டுவிட்டார்கள். அந்தத் தாளை இரண்டு தடவை படித்தேன். எழுதிய வாசகம் என்னுடையது அக்கா, ஒரு எழுத்து மாறவில்லை.

சேர்மன் போன் செய்து சிரித்தார். "நம்ம வீட்டுப் பிள்ளைதானே மேடம், நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுச் சேர்த்துக்குங்க" என்றார். பேனாவையும் எடுத்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே காலர் தைக்கிற அம்மா நின்றிருந்தாள். அவள் பையனும் அந்த ஒன்பதில் ஒருத்தன். அவனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? பேனாவை மூடிவிட்டேன்.

வெளியே போய், "எதிர்ல எங்கக்கா ஸ்கூல் இருக்கும்மா, போங்க" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டி.சி. வாங்கிட்டு வந்துட்டேன் மேடம். எந்த முகத்தை வச்சுக்கிட்டுத் திரும்பப் போறது?" என்றாள். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

"நானும் வர்றேன் வாங்க. எனக்கும் அதே முகந்தான்" என்றேன்.

நாளை காலை ஒன்பது மணிக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கழித்த பிள்ளையைத் தெருவில் விடுவதில்லை, கையைப் பிடித்து எதிரே கொண்டுபோய்விட வேண்டும். என் கிளையில் இனி இதுதான் வழக்கம். சேர்மன் கேட்டால், நீங்கள் வேண்டாமென்ற பிள்ளைகள்தானே சார், அவர்கள் எங்கே போனால் உங்களுக்கென்ன என்று கேட்பேன்.

வாண்டுவை எண்ணிக்கைக்கு அனுப்பவில்லை. சேர்த்துக்கொள்வாயா?

உன் தங்கை

ஜூலை 11

செல்லத் தங்கைக்கு,

தினமும் பார்க்கிறோம், நலம் விசாரிக்கிறதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் கேட்கிறேன். நன்றாகத் தூங்குகிறாயா? இரண்டு நாளாகக் கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. சேர்மன் ரொம்பக் கத்தினாரா?

இதை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் நானும் வாட்ச்மேனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். அவர் நம் இரண்டு பேரையும் பைத்தியம் என்று நினைக்கிறார்.

நேற்று தலை எண்ண வந்தார்கள். ஐம்பத்திரண்டுக்கு இறங்கிப்போயிருந்தது அல்லவா, உன்னோடு வந்த ஒன்பதையும் சேர்த்தால் அறுபத்தொன்று. வாண்டுவைக் கடைசியாகத்தான் எண்ணச் சொன்னேன். அவளுக்கு முன்பே பள்ளி தப்பித்துவிட்டது. அது எனக்குப் பெரிய நிம்மதி. அவள் எண்ணாக வரவில்லை, பிள்ளையாக வந்தாள். அடுத்த வருஷம் திரும்ப எண்ணுவார்கள். அப்போது நீயும் நானும் திரும்பச் சண்டை போடலாம்.

போன வாரம் மூன்றாம் தேதி காலை நீ அந்தப் பிள்ளைகளோடு தெருவைக் கடந்து வந்தபோது நான் கேட்டில் நின்றிருந்தேன். உங்கள் பள்ளியின் நீலப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் வாண்டு, ஒரு கையில் காலர் தைக்கிறவளின் பையன். பின்னால் அம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டு. நான் ஒருத்தரையும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், உள்ளே போனார்கள். பழைய பிள்ளைகளுக்குப் பழைய இடம் அப்படியேதான் இருந்தது.

அப்புறம் பேர் எழுத உட்கார்ந்தோம். புதுத் திட்டத்தில் சேர்க்கிற ஒவ்வொரு பெற்றோரையும் ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், உனக்கும் தெரியும், நீங்களும் கேட்கிறீர்கள். 'இந்தப் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' மற்ற அம்மாக்கள் எல்லோரும் "வீட்டுக்குப் பக்கம்" என்றார்கள். உன் முறை வந்தது. எல்லோர் எதிரிலும் உன்னை "சொல்லுங்கம்மா" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை.

"இங்கதான் யாரையும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க" என்றாய்.

நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். அழுதேனடி. கண்ணாடி மறைத்துக்கொண்டது.

ஆனால் நான் அதை எழுதவில்லை. இந்தப் பதில்களையெல்லாம் திரட்டிக் கல்வி ஆபீசில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்களாம், சேர்மன் கண்ணில் பட்டால் உன் வேலை போகும். அதனால் உன் பேருக்கு நேரேயும் 'வீட்டுக்குப் பக்கம்' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

உன் அக்கா